சூடு காட்டாத தோட்டா

மூங்கிலூத்து மலைக்காட்டில் மொச்சை எவ்வளவுதான் முற்றிக் குலுங்கினாலும், கேழ்வரகு தலை சாய்ந்து தரையைத் தொட்டாலும், காவல் வேட்டு கேட்காமல் ஒரு ஆள் கை செடியில் படாது. அது அந்த ஊர்க் கட்டு. தை மூணாம் தேதி பொழுது உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், காவல்காரர் குருவய்யா மொட்டைப் பாறையில் ஏறி நின்று காட்டைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுடுவார். இதுநாள் வரைக்கும் பன்றியும் மிளாவும் மயிலும் தின்றது உங்கள் பங்கு, இதற்கப்புறம் மிச்சமிருப்பது எங்கள் பங்கு என்று காட்டுக்குச் சொல்கிற சேதி அது. ஈயம் வைக்காத வெறும் மருந்துதான், ஒரு குருவிக்குக்கூடக் காயமில்லை, ஆனால் சத்தம் ஏழு மடிப்பு மலையையும் சுற்றிவிட்டு வந்து சுட்டவர் காதிலேயே விழும். அதைக் கேட்ட பிறகுதான் பொம்பளைகள் அரிவாளை எடுப்பார்கள்.

துப்பாக்கி யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை போகிற போக்கில் விட்டுவிட்டுப் போனது. துப்பாக்கி இருந்தது, ஊர் பேரில் லைசென்சு இருந்தது, தோட்டாதான் இல்லை. அந்த அளவில் தோட்டா செய்கிற கம்பெனி உலகத்தில் எங்கேயும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக அறுப்பைத் தள்ளிப் போட முடியுமா? அடிவாரத்துச் சந்தைப்பட்டியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த சவேரியம்மாளைத் தேடிப் போனார்கள். இப்போது நாற்பத்திரண்டு வயசு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அதிகம், மோட்டார் சாஃப்டும் மருந்தடிக்கிற பம்பும் அவள் கைபட்டால் சொன்ன பேச்சுக் கேட்கும். துப்பாக்கி வேலைக்கும் முறையாகக் காகிதம் வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள்.

அவள் செய்தது என்னவென்றால், பழைய இரும்புக் கடையில் மூட்டையாக வந்து இறங்குகிற போலீஸ் துப்பாக்கியின் காலித் தோட்டாக் கூடுகளில், எந்தக் காலத்தில் எந்த ஊரில் யாரைப் பார்த்துச் சுட்டதோ தெரியாத அந்தப் பித்தளைக் கூடுகளில், நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அதன் கழுத்தில் கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவாள். மயில்கழுத்து நிறம் ஓடியதும் தண்ணீரில் போடுவாள். அப்புறம் விளக்கெண்ணெய் தடவி இரும்பு அச்சில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, வாயை விரித்து, நீளத்தை அறுத்து எடுத்தால், ஓர் அளவில் பிறந்தது வேறோர் அளவில் எழுந்து நிற்கும். சூடு காட்டாமல் ஏற்றினால் பித்தளை முறைக்கும், முறைத்தால் கிழியும். சூடு பட்டால் தன் பழைய அளவை மறந்துபோகும், மறந்தது சொன்னபடி கேட்கும். பதினெட்டு வருசமாக வருசத்துக்கு ஒரு கூடு, ஒன்றுகூடத் தவறியதில்லை.

பத்தொன்பதாவது வருசம் பாருங்கள், கூட்டைக் கழுவித் துடைத்து டார்ச்சைப் பற்றவைக்கப் போனால் கேஸ் இல்லை. பொங்கல் லீவு, கடை அடைப்பு. குருவய்யாவோ மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவைதானே, கிழிந்தால் கிழியட்டும் என்று சவேரியம்மாள் பச்சையாகவே அச்சில் ஏற்றினாள். அது கிழியவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனால் பஸ் ஹாரன் கேட்டதால் அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

மறுநாள் உச்சியில் குருவய்யா பாறையில் நின்று சுட்டார். நெருப்பு வந்தது, புகை வந்தது, கட்டை வழக்கம்போல அவர் தோளில் ஓங்கி ஒரு குத்துக் குத்தியது, வேட்டுச் சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாகத் துப்பாக்கி வாயிலிருந்து, மீசை இப்போதுதான் அரும்பி முடித்த ஒரு பயலின் குரல், "அக்கா" என்று கூப்பிட்டது. அந்தக் கூப்பாடு முதல் மடிப்பில் முட்டி, ரெண்டாம் மடிப்புக்குத் தாவி, ஏழு மலையையும் ஒவ்வொன்றாகச் சுற்றி, போனபோது இருந்ததைவிடப் பெரிசாகத் திரும்பி வந்தது. காட்டுக்குள் இருந்த காற்றுகூட நின்றுவிட்டது.

ஊரில் யாருக்கு யார் அக்கா இல்லை? வயலோரம் அரிவாளோடு நின்ற முப்பது பொம்பளைகளும் ஒரே நேரத்தில் "என்னப்பா" என்று திரும்பினார்கள். திரும்பாதவள் ஒருத்திதான். அவள் வெள்ளத்தாயி. நின்ற இடத்திலேயே மடக்கென்று உட்கார்ந்து, அரிவாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காது ரெண்டையும் பொத்தாமல், அந்தச் சத்தம் கடைசி மடிப்பில் அடங்குகிற வரைக்கும் கேட்டாள். அப்புறம், அது எங்க ஒச்சு என்று சொன்னாள்.

அங்கே யாரும் அலறவில்லை, ஓடவில்லை. ஊருக்கு முதல் கவலை, வேட்டு ஆனதா ஆகலையா என்பதுதான். சத்தம் வந்தால்தான் வேட்டு என்று ஒரு கட்சி, சேதி போய்ச் சேர்ந்தால் வேட்டுதான் என்று இன்னொரு கட்சி, நடுவில் மொச்சை வெயிலில் வெடித்துக்கொண்டிருக்கிறது. வழக்கைத் தீர்த்தது பன்றிகள். காட்டோரம் வரிசையாக வந்து நின்ற பன்றிக் கூட்டம், குட்டிகள் முதற்கொண்டு, தலையைத் தாழ்த்தி ஒரு நாழிகை அப்படியே நின்றுவிட்டு, பின்வாங்கிப் போய், அந்த வருசம் முழுக்க ஒரு காய் தொடவில்லை. துப்பாக்கியைச் சோதிக்க வந்த அதிகாரி, 'சுட்டதில் பேச்சு வந்தது, பயிருக்குச் சேதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மொச்சைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளத்தாயி கதை ஊருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அவளும் அவள் தம்பி ஒச்சப்பனும் ஊசிக்கானல் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார்கள். கூலித் தகராறில் தொழிலாளிகள் ஆபீசு வாசலில் கூடியபோது போலீசு சுட்டுவிட்டது. எல்லாரும் சரிவில் ஓடினார்கள், வெள்ளத்தாயியும் ஓடினாள். பின்னாலிருந்து அக்கா என்று அவன் கூப்பிட்டது அவள் காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை. மூணு மைல் தாண்டி நின்று பார்த்தால் கையில் மத்தியானச் சோற்றுத் தூக்குவாளி இருக்கிறது, தம்பி இல்லை. தம்பியை விட்டுட்டுத் தூக்குவாளியைக் காப்பாத்துனவ என்று பாவிச் சனம் ஒரு பேச்சுப் பேசியது, அந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே மூங்கிலூத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவளை யாரும் அக்கா என்று கூப்பிடக் கூடாது. மதினி என்கலாம், சித்தி என்கலாம், ஏய் என்றுகூடக் கூப்பிடலாம். தெரியாமல் அக்கா என்ற பஸ் கண்டக்டர் ஒருத்தன் வாங்கிய அறையை இன்னும் மறக்கவில்லை.

சவேரியம்மாளை மலைக்கு அழைத்து ஊர் கூடிக் கேட்டது. அவள் மறைக்கவில்லை, கேஸ் தீர்ந்துபோச்சு, சூடு காட்டலை, தப்பு என்னுதுதான் என்றாள். சுட்ட சூட்டோடு வாயைத் திறந்துகொண்டு தரையில் விழுகிற கூடு, ஆறுகிற நேரத்தில் பக்கத்தில் என்ன கேட்கிறதோ அதை உள்ளே வாங்கிக்கொண்டு இறுகிவிடும் போலிருக்கிறது என்றும், நெருப்பில் காட்டினால் அளவை மறப்பதுபோல அதையும் மறந்துவிடும் போலிருக்கிறது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஊர் கோபிக்கவில்லை. அதெப்படி என்று கேட்கவுமில்லை. அப்ப மிச்சத்தையும் சொல்லட்டும், இன்னொரு தடவை சுடு என்று சிலர் கிளம்பினார்கள். ஒரே வருசத்தில் ரெண்டு வேட்டு வைத்தால் எது எவர் பங்கு என்று காடு குழம்பிப்போகும், அடுத்த தைக்குத்தான் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டை மஞ்சள் துணியில் முடிந்து, சூடு மட்டும் காட்டிவிடாதே தாயி என்று சொல்லி அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருசத்தில் ஊர் ரொம்ப மாறிப்போனது. சூடான உலோகத்துக்குப் பக்கத்தில் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. தோசைக்கல் காயும்போது மாமியார்கள் மருமகள்களைத் திட்டுவதை நிறுத்தினார்கள், கல் இறங்கிய பிறகு சேர்த்து வைத்துத் திட்டினார்கள். டீக்கடை பாய்லருக்கு முன்னால் அரசியல் பேச்சு நின்றுபோய், எல்லாரும் பேரன் பேத்திகளின் பேரை மட்டும் சொன்னார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து சனங்கள் சாவியையும் கைக்கடிகாரத்தையும் கால்சங்கிலியையும் முந்தானையில் முடிந்துகொண்டு சவேரியம்மாள் பட்டறைக்கு வந்தார்கள். இதைப் பேச வையும்மா, ஒரு வார்த்தை போதும் என்றார்கள். இதெல்லாம் சூட்டில் வாய் திறந்து கிடக்கவில்லையே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டது. ஒருத்தரும் சண்டை போடவில்லை. கொண்டுவந்ததைத் திரும்ப முடிந்துகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த தையில் ஏழு ஊர்ச் சனம் மூங்கிலூத்தில் கூடியது. பன்றிகள் முன்கூட்டியே வந்து காட்டோரம் இடம்பிடித்து நின்றன. குருவய்யா சுட்டார். போன வருசம் விட்ட இடத்திலிருந்து அதே குரல் எழுந்தது: "கால்ல பட்டிருச்சுக்கா. எந்திரிக்க முடியலை." ஏழு மலையும் முடியலை, முடியலை என்று சொல்லி ஓய்ந்தது, பெரிய பெரிய ஆம்பளைகளெல்லாம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். வெள்ளத்தாயி மட்டும் எழுந்து, யாரையும் பார்க்காமல், வரப்பு வழியே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து சவேரியம்மாள் பட்டறை வாசலில் நின்றாள். கையில் அந்தத் தூக்குவாளி. இருபத்திமூணு வருசம் தேய்த்துத் தேய்த்துத் தகடு காகிதமாகியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மொதல் வருசம் கூப்பிட்டது எனக்குத் தெரிஞ்சதுதான், அடிபட்டுக் கெடந்துக்கிட்டு கூப்பிட்டான்னு நேத்துத்தான் தெரியும் என்றாள். மிச்சத்தில் அவன் தன்னை வைதிருந்தாலும் சரி, மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் சரி, கேட்டே ஆகணும், கேட்காமல் போனால் தன் கட்டை வேகாது என்றாள்.

சவேரியம்மாள் கூட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். கழுத்தோரம் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் ஓடியிருந்தது. சுட்ட கூடு உப்பிப்போகும், மறுபடி அச்சில் அமுக்கினால்தான் துப்பாக்கிக்குள் நுழையும். ரெண்டு தடவை சுட்டு ரெண்டு தடவை பச்சையாக அச்சில் ஏறிய பித்தளை, இனி இப்படியே ஏற்றினால் அச்சிலேயே கிழியலாம், தப்பினால் சுடும்போது கிழிந்து நெருப்பு சுடுகிற ஆள் முகத்துக்கே திரும்பலாம். சூடு காட்டினால் இன்னும் பத்து வருசம் தாங்கும், ஆனால் வேட்டுச் சத்தம் மட்டும்தான் வரும்.

வெள்ளத்தாயி கூட்டைப் பார்க்கவில்லை. பட்டறை மூலையில் கிடந்த கேஸ் டார்ச்சைப் பார்த்தாள்.

"அப்ப பதினெட்டு வருசமா, பதினெட்டுப் பேரு வாயை நீ பொசுக்கியிருக்க."

சவேரியம்மாளுக்கு அந்த நினைப்பு ஒரு வருசமாகவே உள்ளே இருந்தது. இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டதும் டார்ச்சை எடுத்துச் சாக்கில் சுற்றி வைத்தாள். பதினெட்டுக் கூட்டையும் அவள் கைதான் கழுவியது, மயில்கழுத்து நிறம் ஓடும்போதெல்லாம் என்ன அழகு என்று ரசித்துப் பார்த்த கண் இதே கண்தான். அந்த நிறத்தோடு எத்தனை அம்மா, எத்தனை அப்பா, எத்தனை தண்ணீர் தண்ணீர் போனதோ? "தெரியாமப் பண்ணிட்டேங்க. தெரிஞ்சு பண்ணலை" என்றாள். அது எனக்கும் தெரியும் என்று வெள்ளத்தாயி சொன்னாள், வாளியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அந்த வருசம் சவேரியம்மாள் பார்த்த வேலை மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நாளில் அமுக்குகிற அமுக்கலை முந்நூறு நாளுக்குப் பிரித்தாள். தினமும் காலையில் பட்டறை திறந்து, சாமி படத்துக்கு முன்னால் சிலுவை போட்டு, கூட்டுக்கு விளக்கெண்ணெய் தடவி, அச்சின் திருகை ஒரு நூல் மட்டும் திருப்புவாள். அதோடு அன்றைக்குச் சரி. பித்தளை கிணுக்கென்று முனகினால் திருப்பின நூலை அவிழ்த்துவிட்டு ரெண்டு நாள் சும்மா விடுவாள். அது பக்கத்தில் இருக்கும்போது ரேடியோ கிடையாது, போன் கிடையாது, வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று சைகையில் பேசிவிட்டுப் போனார்கள். கோடையில் பட்டறைத் தகரம் கொதித்தபோது கூட்டை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் இறக்கி வைத்தாள், வெயிலில் கொஞ்சம் மறந்துவிடுமோ என்ற பயம்தான். வெள்ளத்தாயி வாராவாரம் சந்தைக்கு வரும்போது எட்டிப் பார்ப்பாள். கீறல் எப்படியிருக்கு என்பாள், அப்படியேதான் இருக்கு என்று இவள் சொல்வாள், அவ்வளவுதான் பேச்சு. மார்கழி கடைசியில் கூடு அளவுக்கு வந்து நின்றது, கீறல் ஒரு மயிரிழை நீண்டிருந்தது, கிழியவில்லை. சவேரியம்மாள் அன்றைக்கு அழுதுவிட்டாள்.

மூணாவது வருசத் தையில் குருவய்யாவைச் சுடவிடவில்லை. அவர் என்னவோ முகம் போனால் போகட்டும், வயசான முகம்தானே என்றுதான் சொன்னார். அவர் பெண்சாதி ஒத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியை மொட்டைப் பாறையில் மணல் மூட்டைகளுக்கு நடுவே கிடத்திக் கட்டி, விசையில் நீளக் கயிறு முடிந்து, பாறைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கயிறு என் கையில்தான் இருக்கணும் என்றாள் வெள்ளத்தாயி. வலது கையில் கயிறு, இடது கையில் தூக்குவாளி, கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் சனம், காட்டோரம் பன்றிகள், அதற்குப் பின்னால் போன வருசம் இல்லாத ரெண்டு யானைகள், எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. சவேரியம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு, கிழியாதே, கிழியாதே, சொல்லிட்டுக் கிழி என்று முணுமுணுத்தாள்.

வெள்ளத்தாயி இழுத்தாள்.

"நீ நிக்காதக்கா. அந்தத் தூக்குவாளியக் கீழ போட்டுட்டு ஓடு. ஓடுக்கா."

ஏழு மலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுக்கா என்றது. முதல் மடிப்பு கெஞ்சியது, நாலாம் மடிப்பு அதட்டியது, ஏழாம் மடிப்பில் அது ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டில் கத்துவதுபோல் இருந்தது. திரும்பி வந்த அந்தச் சத்தம் எல்லார் நெஞ்சிலும் இறங்கி, ஏழு ஊர்ச் சனத்துக்கும் உள்ளங்கால் கூசியது. பன்றிகளும் யானைகளும் சத்தமில்லாமல் திரும்பிக் காட்டுக்குள் போயின. பாறை மேல் துப்பாக்கிக்குள்ளே, முற்றிய மொச்சை வெடிக்கிற மாதிரி டப்பென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சவேரியம்மாள் போய்த் திறந்து பார்த்தபோது கூடு ரெண்டாகப் பிளந்து கிடந்தது. அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கையில் வெள்ளத்தாயி அங்கே இல்லை. கயிறு கிடந்தது, தூக்குவாளி பாறையில் உட்கார்ந்திருந்தது. ஐம்பது வயசுப் பொம்பளை சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில், மொச்சைக் காட்டின் நடுவே, செடி ஒடியுமே என்றுகூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. சனம் விலகி விலகி வழி விட்டது.

இத்தனை வருசம் நெஞ்சோடு வைத்திருந்த வாளியாயிற்றே, மறந்துவிட்டுப் போகிறாளே என்று சவேரியம்மாளுக்குப் பதறியது. வாளியை எடுத்துக்கொண்டு அவளும் சரிவில் இறங்கி ஓடினாள். தன்னை மீறி வாயில் வந்துவிட்டது.

"அக்கா! அக்கா, நில்லுங்க!"

சனம் அப்படியே உறைந்தது. கண்டக்டர் வாங்கிய அறை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சவேரியம்மாளுக்கும் அது உறைத்து, வாளியோடு நடுக்காட்டில் நின்றுவிட்டாள். கீழே வெள்ளத்தாயி நின்றாள், மெதுவாகத் திரும்பினாள், முகமெல்லாம் தண்ணீரும் வேர்வையுமாக மேலே பார்த்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, இருபத்திநாலு வருசத்துக்கப்புறம் அந்தக் கூப்பாட்டுக்கு முதல் தடவையாகப் பதில் சொன்னாள்.

"அதைக் கீழ போட்டுட்டு வா தாயி."